கேலி முறை

முதலில் வாளி உருண்ட சத்தம். அடுத்த நொடி ஒரு அலறல். மனநல ஆஸ்பத்திரியின் பெண்கள் வார்டுக் குளியலறைப் பக்கமிருந்து வந்த அந்த அலறலுக்கு யாரும் பதறவில்லை. ஜன்னலோரக் கட்டிலில் இன்னொருத்திக்குத் தலை பின்னிக்கொண்டிருந்த கிழவி மட்டும் சீப்பை உயர்த்தி, "ஆரம்பிச்சிட்டா" என்றாள். மருந்து வண்டியோடு நின்ற ப்ரிஸ்கா கட்டோங்கோ, கையிலிருந்த மாத்திரையை உரியவள் வாயில் போட்டு, தண்ணீர் கொடுத்து, விழுங்கியாகிவிட்டதா என்று நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுத்தான் திரும்பினாள். அந்த மாதத்தில் அலினேசி ஜெரே விழுவது இது ஏழாவது தடவை.

குளியலறை வாசலில் நான்கைந்து நோயாளிகள் வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர்களை விலக்கிக்கொண்டு ப்ரிஸ்கா உள்ளே போனாள். ஈரச் சிமெண்டுத் தரையில் அலினேசி ஒருக்களித்துக் கிடந்தாள். இடுப்பில் சுற்றியிருந்த துணி நனைந்து உடம்போடு ஒட்டியிருந்தது. துப்புரவு வேலை பார்க்கும் ரோடா துடைப்பத்தை மார்போடு அணைத்துக்கொண்டு மூலையில் நின்றாள்.

ப்ரிஸ்கா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "என்னடி எலி தின்னி! சாக்கடைக்குள்ள எலி பூந்திருச்சா? துரத்திக்கிட்டு வந்து விழுந்தியா?"

வாசலில் சிரிப்பு வெடித்தது. இதற்குப் பதில் வரவேண்டும். 'உன் வீட்டுச் சட்டியில வேகுற குரங்கு எனக்குக் கையாட்டுச்சுடி, அதுல மயங்கி விழுந்தேன்' என்பதுபோல ஏதாவது வரும். எல்லாரும் அதற்காகத்தான் காத்திருந்தார்கள். வரவில்லை. அலினேசியின் முகம் அடுப்புச் சாம்பல் நிறத்தில் இருந்தது. உதடு மட்டும் அசைந்தது.

"சிஸ்டர்," என்றாள். "கால். தயவு செஞ்சு, சிஸ்டர்."

பதினோரு வருடத்தில் அவள் ப்ரிஸ்காவை சிஸ்டர் என்று கூப்பிட்டதே இல்லை. அது ப்ரிஸ்காவின் காதில் நன்றாகவே விழுந்தது. வலது பாதம் சுவரைப் பார்த்துத் திரும்பியிருந்ததும், அந்தக் கால் மற்றதைவிட ஒரு விரற்கடை குட்டையாகத் தெரிந்ததும் கண்ணில் பட்டன. செருப்பு மாட்டிக்கொண்டு கால் கோணியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். அலினேசியின் காலில் செருப்பு இல்லை.

"நாங்க சாப்பிடப் போறோம். உனக்கு எப்ப மனசு வருதோ அப்ப எழுந்து வா. ன்ஷிமாக் களி ஆறிப்போனா என்னைக் கேக்காத," என்று சொல்லிவிட்டு ப்ரிஸ்கா திரும்பி நடந்தாள்.

"சிஸ்டர்," என்றாள் ரோடா பின்னாலிருந்து. "அந்தக் கால் ஒரு மாதிரி…"

"நீ தரையைப் பாரு, ரோடா. காலை நான் பாத்துக்கறேன்."

வாசலில் நின்றவர்கள் அதற்கும் சிரித்தார்கள்.

ப்ரிஸ்கா கொடுமைக்காரி இல்லை. அந்த வார்டில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். முப்பத்தொரு வருட சர்வீஸில் ஒரு நோயாளியைக்கூடக் கை நீட்டி அடித்தவள் இல்லை. அலினேசியைச் சமாளிக்கத் தெரிந்த ஒரே ஆள் என்று பெயரெடுத்தவளும் அவள்தான். ஏனென்றால் அலினேசி லேசான ஆள் இல்லை. காலையில் ஒரு நர்ஸைக் கட்டிப்பிடித்து, 'நீதான் நான் பெறாத மகள்' என்று கண்ணீர் விடுவாள். சாயங்காலம் அந்த நர்ஸ் இன்னொரு நோயாளிக்கு முதலில் சாப்பாடு வைத்துவிட்டால், அவள் ஒரு சூனியக்காரி என்று வார்டே அதிரக் கத்துவாள். இரண்டு நர்ஸ்கள் சிநேகமாக இருந்தால் இவளிடம் அவளைப் பற்றியும், அவளிடம் இவளைப் பற்றியும் ஓதி, ஒரு வாரத்தில் பேச்சுவார்த்தை இல்லாமல் ஆக்கிவிடுவாள். தன் கையைத் தானே கீறிக்கொண்டு, ஒரு புது நர்ஸ் கீறினாள் என்று புகார் சொன்னாள். அந்தப் பெண் அழுதுகொண்டே மாற்றல் வாங்கிக்கொண்டு போனாள். வயது அறுபத்தெட்டு. அந்த வயதுக்கு மற்றவர்கள் எல்லாம் அடங்கி, சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிட்டார்கள். இவள் மட்டும் அடங்கவில்லை. தினமும் குளித்து, துணியைத் தானே துவைத்து, மடிப்பு வைத்துக் கட்டி, முகம் பார்க்கும் கண்ணாடி இல்லாத வார்டில் ஜன்னல் கண்ணாடியில் முகம் பார்த்துக்கொள்வாள்.

மனச்சிதைவு என்றுதான் அவள் ஃபைலில் இருபத்தாறு வருடமாக எழுதியிருந்தது. சுரங்கத்தில் வேலை பார்த்த கணவன் கொண்டுவந்து விட்டான், அவன் செத்த பிறகு அண்ணன் கொண்டுவந்து விட்டான், போவதும் வருவதுமாக ஒன்பது தடவை. கடைசித் தடவை வந்தவளைக் கூப்பிட்டுப்போக யாரும் வரவில்லை. புதிதாக வந்த டாக்டர் முண்டியா, அறுபது தாண்டிய நோயாளிகளின் ஃபைலை எல்லாம் தூசி தட்டி எடுத்து, ஒவ்வொருவரோடும் மணிக்கணக்கில் உட்கார்ந்து பேசினார். லோசி இனத்துக்காரர், நாற்பதுகூட ஆகவில்லை, சத்தமே வராமல் பேசுகிறவர். "இவங்களுக்குக் குரல் எதுவும் கேக்கல. எப்பவும் கேட்டதில்ல. இது ஆளுமைக் கோளாறு. எல்லாரும் தன்னை விட்டுட்டுப் போயிருவாங்களோன்னு ஒரு பயம். அந்தப் பயத்துலதான் இத்தனையும் பண்றாங்க," என்றார். மாத்திரைகளைக் குறைத்தார். வீட்டில் இருக்கவேண்டியவர், இங்கே இருக்கவேண்டியவர் அல்ல என்று எழுதினார். அவர் சொன்னதை வார்டு தனக்குத் தெரிந்த பாஷையில் புரிந்துகொண்டது. 'வியாதி இல்லையாம், குணமாம்.' அன்றிலிருந்து அலினேசி அழுதால் குணம், சிரித்தால் குணம், வயிறு வலிக்கிறது என்றாலும் குணம்.

விழ ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். டாக்டர் அதற்கும் ஒரு தாள் எழுதிக் கொடுத்தார். அது நர்ஸ் அறை அலமாரிக் கதவில் ஒட்டியிருந்தது. விழுந்தால் பதறி ஓடாதீர்கள். உடம்பைப் பரிசோதியுங்கள். அடி இல்லையென்றால் தானாக எழுந்து வரச் சொல்லுங்கள். எழுந்து வந்ததும் பாராட்டுங்கள். மொத்தம் நான்கே வரி. நாளாக நாளாக எல்லாருக்கும் முதல் வரியும் மூன்றாவது வரியும் மட்டும் ஞாபகத்தில் நின்றன.

ப்ரிஸ்காவிடம் தாளைவிடப் பெரிய ஆயுதம் இருந்தது. அவள் பெம்பா, அலினேசி ங்கோனி. பாட்டன் காலத்தில் ஈட்டியால் குத்திக்கொண்ட இரண்டு இனங்களுக்குள் இப்போது கேலி முறை. ங்கோனிக்காரன் எலி தின்பான், பெம்பாக்காரன் குரங்கு தின்பான் என்று யாராவது தொடங்கிவைத்தால் போதும், பஸ்ஸில் முன்பின் தெரியாதவர்கள்கூடச் சேர்ந்துகொள்வார்கள். கல்யாணத்தில் திட்டலாம், சாவு வீட்டிலும் திட்டலாம். ப்ரிஸ்காவின் கணவன் செத்தபோது, அக்கம்பக்கத்து ங்கோனிகள் அவனுடைய கோட்டை மாட்டிக்கொண்டு, அவன் நொண்டி நடப்பதுபோலவே நடந்துகாட்டி, அழுதுகொண்டிருந்தவர்களைச் சிரிக்கவைத்தார்கள். குழி வெட்டியதும் அவர்கள்தான். இதில் ஒரே ஒரு விதி. கோபப்படக் கூடாது. கோபப்பட்டவர் தோற்றவர்.

அலினேசி கத்த ஆரம்பித்தால் ப்ரிஸ்கா போய் நிற்பாள். 'எலி தின்னி' என்பாள். 'வாடி, குரங்கு தின்னி' என்று பதில் வரும். நாலு வார்த்தை மாறி மாறி விழுந்ததும் அலினேசி சிரித்துவிடுவாள். ஊசியாலும் மாத்திரையாலும் ஆகாதது அதில் ஆனது. டாக்டர் முண்டியா மீட்டிங்கில் இதை எடுத்துச் சொல்லிப் பாராட்டினார். "சிஸ்டர் கட்டோங்கோ செய்யறது எந்தப் புத்தகத்துலயும் இல்ல," என்றார். நர்ஸிங் பள்ளி மாணவிகளைக் கூட்டிவந்து காட்டினார்கள்.

அன்று காலையும் எட்டு மாணவிகள் வந்திருந்தார்கள். அலினேசி அலங்காரமாக உட்கார்ந்திருந்தாள். டாக்டர் எழுதிய கடிதத்துக்கு மகள் பதில் போட்டிருந்தாள். சிபாட்டாவில் பள்ளிக்கூட டீச்சர், ஸெலிபா என்று பெயர். லீவு விட்டதும் வந்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு போகிறேன் என்று எழுதியிருந்தாள். அந்தக் கடிதம் வந்ததிலிருந்து அலினேசிக்குக் கால் தரையில் பாவவில்லை. ப்ரிஸ்கா மாணவிகளுக்காகவே ஆரம்பித்தாள்.

"பாருங்கம்மா, எலி தின்னி ஊருக்குக் கிளம்புது. சிபாட்டா எலி எல்லாம் பயந்துபோய் மலாவிக்கு ஓடுதாம்."

மாணவிகள் சிரித்தார்கள். அலினேசியும் சிரித்தாள். அப்புறம், தலையைச் சாய்த்துக்கொண்டு, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னாள்.

"என் மக வராம இருந்தா. அம்மா பைத்தியம், அதான் வரலன்னு சொன்னா ஊரு ஒத்துக்கும். அப்படியும் இப்ப வர்றா. உன் மக இங்கிலாந்து போயி ரெண்டு வருஷமா ஃபோன்கூடப் பண்ணலையாமே. அப்ப உனக்கு என்னடி வியாதி?"

எட்டு மாணவிகளும் 'ஓ' என்று கத்திக்கொண்டு ஒருத்தர்மேல் ஒருத்தர் விழுந்து சிரித்தார்கள். எல்லாரையும்விட சத்தமாகச் சிரித்தவள் ப்ரிஸ்கா. அப்படித்தானே சிரிக்கவேண்டும். சிரித்துக்கொண்டே நர்ஸ் அறைக்குப் போய், கதவைச் சாத்தி, அலமாரியில் பஞ்சு உருண்டைகளை எண்ணுவதுபோல நின்றாள். கணவன் அடக்கத்துக்கு மறுநாள் மகள் சொன்னது, 'அப்பா உங்க வாய்க்குப் பயந்தே செத்தார்மா' என்று சொன்னது, அலினேசிக்குத் தெரிந்திருக்க வாய்ப்பே இல்லை. தெரிந்து சொன்னதுபோலத்தான் இருந்தது.

அதற்கு மூன்று மணி நேரம் கழித்து வாளி உருண்டது.

மதியச் சாப்பாடு முடிந்து தட்டுக்கள் கழுவியாகும்வரை அலினேசி ஈரத்தரையிலேயே கிடந்தாள். கடைசியில் ரோடாவும் இன்னொரு நோயாளியும் ஒரு போர்வையில் அவளைக் கிடத்தி, இழுத்துக்கொண்டுபோய்க் கட்டிலில் போட்டார்கள். ப்ரிஸ்கா அதைப் பார்த்தாள். ரிப்போர்ட் புத்தகத்தில் எழுதினாள்: 'வழக்கமான விழுதல். பரிசோதிக்கப்பட்டது. காயம் இல்லை. திட்டப்படி நடந்துகொள்ளப்பட்டது.' எழுதிய கையெழுத்து கொஞ்சமும் நடுங்கவில்லை. பின்னால் அவளை அதிகமாக உறுத்தியது அதுதான்.

மறுநாள் காலை அலினேசியைக் கைத்தாங்கலாக எழுப்பி நிறுத்தப் பார்த்தார்கள். அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து வார்டிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். "மக வர்றான்னு நாடகம் ஜாஸ்தியாயிருச்சு," என்றாள் ஒரு நர்ஸ். ப்ரிஸ்கா கட்டில் பக்கமே போகவில்லை. நேற்றே பார்த்தாயிற்று என்று எழுதியிருக்கிறாளே. இன்று போய்ப் போர்வையைத் தூக்கிப் பார்த்தால், நேற்றுப் பார்க்கவில்லை என்று ஆகிவிடும். வேறு வேலைகளை இழுத்துப்போட்டுச் செய்தாள்.

மூன்றாம் நாள் ரோடா நர்ஸ் அறை வாசலில் வந்து நின்றாள். துடைப்பம் இல்லாமல் அவள் அங்கே வந்து நின்றதே இல்லை.

"சிஸ்டர், அந்தக் கட்டில் நாத்தம் அடிக்குது."

"கழுவி விடேன்."

"கழுவிட்டேன். ரெண்டு நாளா நான்தான் கழுவறேன். அதுக்கில்ல. அவ எவ்வளவு பெருமைக்காரின்னு உங்களுக்கே தெரியும். உள்பாவாடையக்கூட அடுத்தவளத் தொட விடமாட்டா. அவ நாடகம் போடுவா, ஊரக் கூட்டுவா, எல்லாம் பண்ணுவா. படுத்த படுக்கையில ஒண்ணுக்குப் போயி நாடகம் போடமாட்டா, சிஸ்டர்."

ப்ரிஸ்கா போனை எடுத்தாள்.

பெரியாஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். தொடை எலும்பு, இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்திருந்தது. காலில் கயிறு கட்டி, கட்டில் ஓரத்தில் எடை தொங்கவிட்டு, ஆபரேஷனுக்குக் காத்திருக்கவேண்டும் என்றார்கள்.

மறுநாள் டாக்டர் முண்டியா மீட்டிங் வைத்தார். நர்ஸ்கள் எல்லாரும் வந்தார்கள். துப்புரவுக்காரர்களை மீட்டிங்குக்குக் கூப்பிடும் வழக்கம் இல்லை.

"சிஸ்டர், அன்னிக்கு நீங்க காலைப் பரிசோதிச்சீங்களா?"

"பண்ணினேன், டாக்டர். எழுதியிருக்கேன்."

"ஆமா, பாத்தேன்." அவர் ஃபைலைப் புரட்டினார். "அவங்க வேற மாதிரி சொல்றாங்க. கெஞ்சினாங்களாம், நீங்க சிரிச்சிட்டுப் போயிட்டீங்களாம்."

ப்ரிஸ்கா வாயைத் திறப்பதற்குள் உதவி மருத்துவர் ஹமூண்டே முந்திக்கொண்டார். "போன வருஷம் நான் அவ கர்ப்பப்பையைத் திருடிட்டேன்னு சொன்னா, டாக்டர். அறுபத்தேழு வயசுல! திருடி நான் எங்க வச்சுக்கறது?"

அறை சிரித்தது. இன்னொருத்தி, மாற்றலாகிப் போன அந்தப் புது நர்ஸை ஞாபகப்படுத்தினாள். இன்னொருத்தி, "சிஸ்டர் கட்டோங்கோ மேலயேவா பழி போட்டா? நன்றிகெட்டவ," என்றாள். பக்கத்தில் இருந்தவள் மேஜைக்கு அடியில் ப்ரிஸ்காவின் கையைப் பிடித்து ஆறுதலாக அழுத்தினாள். டாக்டர் சிரிக்கவில்லை. ஆனால் ஃபைலின் பழைய பக்கம் ஒன்றில் அவர் விரல் நின்றது. அங்கே என்ன எழுதியிருக்கிறது என்று ப்ரிஸ்காவுக்குப் பார்க்காமலே தெரியும். அவள் கையெழுத்துதான். 'பொய்யை உண்மைபோல நம்பவைக்கக் கூடியவர். ஊழியர்கள் கவனமாக இருக்கவும்.'

"அப்ப இது அதுக்கப்புறம் யாரும் பாக்காம நடந்த இன்னொரு விழுதல். ராத்திரி கட்டில்லருந்து விழுந்திருக்கணும்," என்று சொல்லி அவர் ஃபைலை மூடினார்.

ப்ரிஸ்கா வீட்டுக்கு நடந்தே போனாள். பிடிபட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும் என்று தோன்றியது. யாராவது ஒருத்தர், 'நீ பொய் சொல்றே' என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தால், அழுதிருக்கலாம், சண்டை போட்டிருக்கலாம். அவர்கள் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னார்கள். சமையலறையில் நின்றுகொண்டே ஏதோ சாப்பிட்டாள். பாதி சாப்பாட்டில், தெருவில் போகிறவர்கள் தன்னைப் பார்க்கிறார்களோ என்று ஜன்னல் திரையை இழுத்துவிட்டாள். பட்டப்பகல் வெயில், தெருவில் யாரும் இல்லை.

அதற்கு அடுத்த நாள் ஸெலிபா வந்தாள்.

நாற்பத்தைந்து வயதிருக்கும். ஒரு இரவும் பாதிப் பகலும் பஸ்ஸில் வந்த களைப்பு. அம்மாவின் அதே நெற்றி, அதே நிமிர்ந்த கழுத்து. டாக்டரைப் பார்த்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, நேராக நர்ஸ் அறைக்கு வந்தவள், ப்ரிஸ்கா எழுந்திருப்பதற்குள் தரையில் மண்டியிட்டாள். கைகளைக் குவித்து, பெரியவர்கள் முன்னால் தட்டுவதுபோல மெதுவாகத் தட்டினாள்.

"எங்கம்மாவ மன்னிச்சிருங்க, சிஸ்டர்."

"எழுந்திரும்மா. என்ன இது, எழுந்திரு."

"பதினோரு வருஷம் நான் செய்யவேண்டியதை நீங்க செஞ்சிருக்கீங்க. டாக்டர் சொன்னார். உங்க பேரையே கெடுக்கப் பாத்திருக்காங்க. என்னால தலை நிமிர முடியல, சிஸ்டர்."

ப்ரிஸ்கா குனிந்து அவள் தோளைத் தொட்டுத் தூக்கினாள். 'அப்படி இல்லம்மா' என்று சொல்ல நினைத்தாள். "நீ வா, பெரியாஸ்பத்திரிக்கு நானும் வர்றேன்," என்பதுதான் வாயில் வந்தது.

மினி பஸ்ஸில் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது ஸெலிபா வெளியே பார்த்தபடியே பேசினாள். எட்டு வயதில் இருந்து ஆரம்பித்தாள். பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினால் அம்மா மயங்கி விழுவாள். போகாமல் இருந்துவிட்டால் எழுந்து சமைப்பாள். அப்பா வேலையிலிருந்து அரை மணி நேரம் தாமதமாக வந்தால் கிணற்றடியில் போய் நிற்பாள்.

"அதுகூடப் பரவாயில்ல, சிஸ்டர். அடுத்தவங்களப் பேச வைப்பாங்க. எங்க சித்தப்பா ஒருநாள் சர்ச்சுல எல்லார் முன்னாடியும் எழுந்து நின்னு, அண்ணிய நான் அடிச்சிட்டேன், மன்னிச்சிருங்கன்னு அழுதார். அவர் அடிக்கவே இல்ல. நான் அங்கதான் இருந்தேன். ஏன் சித்தப்பா அப்படிச் சொன்னீங்கன்னு கேட்டேன். உங்கம்மா அழறதப் பாக்க முடியலம்மா, ஒத்துக்கிட்டா நிறுத்துவாங்கன்னு ஒத்துக்கிட்டேன்னார். நல்ல மனுஷங்களா பாத்துதான் பிடிப்பாங்க."

பஸ் நின்று இரண்டு பேரை ஏற்றிக்கொண்டது.

"கூட்டிட்டுப் போகணும்னுதான் வந்தேன். ரூமுக்குப் பெயிண்ட் அடிச்சு வச்சிருக்கேன். பிள்ளைங்ககிட்ட சொல்லிட்டேன். ஆனா வந்து இறங்கினதும் முதல் வார்த்தையே இதைக் கேக்கறேன். என் பிள்ளைங்க வளர்ற வீடு, சிஸ்டர். நாளைக்கு என் மக மேல பழி போட்டா நான் என்ன பண்றது? ஒண்ணே ஒண்ணுதான். உங்ககிட்ட மன்னிப்புக் கேக்கட்டும். பொய் சொன்னேன்னு அவங்க வாயால ஒரு தடவை சொல்லட்டும். என் ஆயுசுல அவங்க அப்படிச் சொல்லிக் கேட்டதில்ல. சொன்னா, ஆபரேஷன் முடிஞ்சதும் கூட்டிட்டுப் போறேன். இல்லன்னா முடியாது."

ப்ரிஸ்கா தன் மடியில் இருந்த கைகளைப் பார்த்துக்கொண்டு வந்தாள். இறங்கவேண்டிய நிறுத்தத்தை ஸெலிபாதான் சொன்னாள்.

அலினேசி கட்டிலில் பாதியாக இருந்தாள். தலையில் துணி கட்டியிருக்கவில்லை. நரைத்த முடி அங்கங்கே முடிச்சுப்போட்டுக் கிடந்தது. கட்டிக்கொடுக்க ஆள் இல்லை போலிருக்கிறது. மகளைப் பார்த்ததும் ஒரு கையை நீட்டினாள். ஸெலிபா அந்தக் கையைப் பிடித்துக்கொண்டாள், ஆனால் உட்காரவில்லை. தாழ்ந்த குரலில் தன் பாஷையில் வேகமாகப் பேசினாள். ப்ரிஸ்காவுக்கு அந்தப் பாஷை நன்றாகப் புரியும். மினி பஸ்ஸில் சொன்ன அதே நிபந்தனை. அலினேசி கேட்டுக்கொண்டே இருந்தாள். ஒரு தடவை ப்ரிஸ்காவைப் பார்த்தாள், ஒரு தடவை கட்டில் ஓரத்தில் தொங்கிய எடையைப் பார்த்தாள்.

ப்ரிஸ்கா அவள் திட்டுவாள் என்று காத்திருந்தாள். திட்டட்டும் என்று வேண்டிக்கொண்டாள். 'வாடி குரங்கு தின்னி, காலை முறிச்சிட்டு வேடிக்கை பாக்க வந்தியா' என்று கேட்டுவிட்டால்கூடப் போதும், காலில் விழுந்துவிடலாம்.

அலினேசி படுத்தவாக்கிலேயே கைகளைக் குவித்தாள். மெதுவாக மூன்று தடவை தட்டினாள்.

"நான் பொய் சொன்னேன், சிஸ்டர். நீங்க என்னை நல்லாத்தான் பாத்தீங்க. காலெல்லாம் தொட்டுப் பாத்தீங்க. அப்ப ஒண்ணும் ஆகல. நான் அப்புறமா கட்டில்லருந்து விழுந்தேன். மன்னிச்சிருங்க."

ரிப்போர்ட்டில் இருந்ததையும் மீட்டிங்கில் முடிவானதையும் பிசகாமல் சொன்னாள். டாக்டர் வந்து அவளிடம் வாசித்துக் காட்டியிருக்கவேண்டும். சொல்லும்போது குரலில் நடிப்பே இல்லை. அழுகையும் இல்லை. பதினோரு வருடமாக ப்ரிஸ்கா கேட்ட அத்தனை பொய்களிலும் கண்ணீர் இருந்தது. இந்தப் பொய்யை அவள் வெறுமனே, கடையில் உப்புக் கேட்பதுபோலச் சொன்னாள்.

ஸெலிபாவின் கண் கலங்கிவிட்டது. அம்மாவின் கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டு, கட்டில் விளிம்பில் உட்கார்ந்தாள். பிறகு ப்ரிஸ்காவை நிமிர்ந்து பார்த்தாள். 'பரவாயில்லை' என்று ப்ரிஸ்கா ஒரு வார்த்தை சொல்லவேண்டும். அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தையில் எல்லாம் முடிந்துவிடும். கிழவி சிபாட்டாவுக்குப் போவாள், பெயிண்ட் அடித்த அறையில் படுப்பாள். ப்ரிஸ்கா அடுத்த வருடம் மாலையும் மரியாதையுமாக ஓய்வு பெறுவாள்.

"பரவா…" என்று ஆரம்பித்தாள். அடுத்த கட்டிலில் யாரோ ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்த வாசனை வந்தது. அலினேசியின் பழுப்பேறிய கண்கள் அவள் முகத்தைவிட்டு நகரவில்லை. அவற்றில் கோபம் இல்லை. 'சீக்கிரம் சொல்லித் தொலை' என்ற அவசரம் மட்டும்தான் இருந்தது.

"அவங்க பொய் சொல்லலம்மா," என்றாள் ப்ரிஸ்கா.

"சிஸ்டர்?"

"முதல்ல சொன்னதுதான் நிஜம். என்னைக் கெஞ்சினாங்க. நான் சிரிச்சிட்டுப் போயிட்டேன். பாதம் வெளிப்பக்கமா திரும்பியிருந்தது. நான் பாத்தேன். நர்ஸ் பள்ளிக்கூடத்துல முதல் வருஷம் சொல்லித்தர்ற விஷயம் அது. பாத்துட்டுத்தான் போனேன். காலையில இவங்க என் மகளப் பத்தி ஒண்ணு சொல்லிட்டாங்க. கேலிதான். எனக்குப் பொறுக்கல. கோபம்னு சொல்லிக்க முடியாதே. அதான்… மூணு நாளு. ரிப்போர்ட்ல பரிசோதிச்சேன்னு பொய் எழுதினேன். மீட்டிங்லயும் பொய் சொன்னேன்."

"பேசாதடி," என்றாள் அலினேசி. குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது. "பெம்பாக்காரி, வாய மூடு. நான்தான் சொல்லிட்டேனே. உன்னை யாரு கேட்டா?"

"இல்ல, நான் சொல்லணும்."

"வேணாம். கெடுக்காத."

ப்ரிஸ்கா அழுதுகொண்டிருந்தாள். எப்போது ஆரம்பித்தாள் என்று அவளுக்கே தெரியவில்லை. வார்டு நடுவில், சீருடையோடு, மூக்கு ஒழுக, புறங்கையால் துடைத்துக்கொண்டு நின்றாள். ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தவள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தாள். அலினேசி தலையைத் தலையணையில் அப்படியும் இப்படியும் அசைத்தாள், நீட்டிய கையால் ப்ரிஸ்காவின் சீருடை நுனியைப் பிடித்து இழுத்தாள்.

ஸெலிபா அந்தக் கையைப் பார்த்தாள். அழுகிற நர்ஸைப் பார்த்தாள். அம்மாவின் முகத்தை வெகுநேரம் பார்த்தாள். கன்னத்தில் வைத்திருந்த அம்மாவின் இன்னொரு கையை எடுத்து, மெதுவாக, படுக்கையின்மேல் திரும்ப வைத்தாள். எழுந்து நின்றாள்.

"இவங்களையும் இப்படிப் பேச வச்சிட்டியாம்மா?"